ஊற்றுத்தாய் வற்றிய பனிக்காலம்

ட்ராம் ஓட்டுகிறவளுக்குச் சனிக்கிழமை மத்தியானம் ஓய்வு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனாலும் செக் நாட்டு ஒலமோட்ஸ் நகரத்துப் பணிமனையில் மிலாதாவின் சனிக்கிழமையைத் தொட யாருக்கும் துணிச்சல் கிடையாது. கிறிஸ்துமஸ் அன்று வண்டி எடுக்கச் சொன்னால் எடுப்பாள். புத்தாண்டு விடியலில் தள்ளாடுகிறவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு வீடு சேர்க்கச் சொன்னாலும் சேர்ப்பாள். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அவள் மிலாதா இல்லை, யெஸ்னா. ஊற்றுத்தாயின் பூசாரி. அவள் கை வைத்தால் புண் மூடும். ஊதினால் முறிந்த எலும்பு கூடும்.

பள்ளிக்கூட நாளில் தொடங்கிய விளையாட்டு அது. மதுக்கடையின் பின்னறையில் ஒரு மேசை, சுற்றி நாலு பேர், நடுவில் இருபது முகம் கொண்ட பகடைகள். மற்றதெல்லாம் பேச்சுதான். ராதிம் கதையை நடத்துகிறவன். அந்த உலகத்தின் மலையும் மழையும் அரசனும் அரக்கனும் அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும். பூகோள வாத்தியார் என்பதால் அவன் உலகத்தில் ஆறுகள் மட்டும் தப்பாமல் பள்ளத்தை நோக்கி ஓடும். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு வேடம் கட்டிக்கொண்டு அந்த உலகத்துக்குள் போவார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவார்கள். விழுந்த எண்ணைப் பார்த்து என்ன நடந்தது என்று ராதிம் சொல்வான்.

தாஷா மருத்துவமனையில் மயக்கமருந்து கொடுக்கிற டாக்டர். ஆட்டத்தில் அவள் வ்ரானா என்ற திருடி. லுபோர் கூரை ஓடு வேய்கிறவன். ஆட்டத்தில் ஹ்ரோம், குள்ளர் குலத்துக் கோடரி வீரன். ஹ்ரோமுக்கு யோசிப்பது என்றால் வேப்பங்காய். எதிரியைக் கண்டதும் முதல் ஆளாகப் பாய்வான், முதல் ஆளாக விழுவான். விழுந்த இடத்திலிருந்து லுபோர் மேசை அதிரக் கத்துவான்:

"யெஸ்னா! ஒழுகுது, வந்து அடை!"

கூரைக்காரனின் நகைச்சுவை. மிலாதா கையை நீட்டிப் பகடையை உருட்டுவாள். ஹ்ரோம் எழுந்து தாடியைத் தட்டிக்கொண்டு பன்றிக்கறி எங்கே என்று கேட்பான்.

"நுரையீரல்ல ஈட்டி இறங்கியிருக்கு, ரெண்டு நொடியில எந்திரிச்சுக் கறி கேக்குறான்," என்பாள் தாஷா. "எங்க வார்டுல இப்படி ஒருத்தன் எந்திரிச்சான்னா, நான் வேலைய விட்டுட்டு ஜெபமாலை உருட்டப் போயிடுவேன்."

"உனக்குப் பொறாமைடி," என்பாள் மிலாதா.

"இல்லாம?"

இப்படியே தலைகள் நரைத்தன. ஹ்ரோமுக்கு மட்டும் வயதாகவில்லை.

போன இலையுதிர் காலத்தில் லுபோர் விழுந்தான். கூரையிலிருந்து அல்ல, கூரை அவனை ஒருநாளும் கைவிட்டதில்லை. சமையலறையில், சாசேஜை வினிகரில் ஊறப்போட வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது, மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. கீழ்வீட்டுக்காரி சத்தம் கேட்டு ஓடிவந்ததால் உயிர் தங்கியது. ஆனால் வலது கை செத்த மீன் மாதிரி ஆகிவிட்டது. பேச்சும் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. என்ன சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, சொல்தான் வரவில்லை. அல்லது பக்கத்துச் சொல் வந்தது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் ஏணி என்று வந்து விழும். வசவு மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. நர்சுகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"திட்டு எல்லாம் மூளையில வேற அலமாரியில இருக்கு," என்று தாஷா மிலாதாவுக்கு விளக்கினாள். "அந்த அலமாரிக்கு ஒண்ணும் ஆகல. அவனுக்கு அதுதான் பெரிய அலமாரியே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

நீண்ட நாள் மறுவாழ்வுச் சிகிச்சை இல்லத்தில் இருந்துவிட்டு, ஜனவரிப் பனியில் லுபோர் வீடு திரும்பினான். இந்தச் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். அதற்கு முன்பே மூன்று பேரும் ராதிம் வீட்டில் கூடினார்கள். ராதிம் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான்.

"கையைத் தூக்க முடியாம அவன் வந்து உக்காரப்போறான். அவன் கண்ணு முன்னாடி மிலாதா சும்மா கைய வெச்சு ஒருத்தன எழுப்பினா என்ன அர்த்தம்? குத்திக் காட்டுற மாதிரி இல்ல?"

"நானும் அதத்தான் சொல்றேன்," என்றாள் தாஷா. "நாளைக்கே சரியாயிடும்னு காத்திருந்து காத்திருந்து உடைஞ்சு போறவங்கள நான் பாத்திருக்கேன். அற்புதமே வேணாம். காயம்னா காயம் மாதிரி ஆறட்டும்."

மிலாதாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. இருவரும் லுபோர் மீது வைத்திருந்த பிரியத்தில்தான் பேசினார்கள். அதை எப்படி மறுப்பது? சரி என்று தலையாட்டினாள். அப்படித்தான் ராதிமின் உலகத்தில் ஊற்றுத்தாய் வற்றிப்போனாள். குணப்படுத்தும் மந்திரம் அந்த உலகத்தை விட்டே நீங்கியது.

சனிக்கிழமை லுபோர் ஒரு கைத்தடியோடு, தொப்பியில் பனியோடு வந்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ராதிம் நாற்காலியை இழுத்துப் போட்டான், தாஷா முதுகுக்குத் தலையணை வைத்தாள், மிலாதா பியரைப் பாதிக் குவளை ஊற்றினாள். லுபோர் குவளையைப் பார்த்தான், மிலாதாவைப் பார்த்தான், மறுபடி குவளையைப் பார்த்தான். அவள் முகம் சிவந்து மீதியையும் ஊற்றினாள்.

ராதிம் கதையைத் தொடங்கினான். காது கேளாதவனுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். பனி மூடிய கல்பாலம். எதிரே ஓநாய் மேல் ஏறி வருகிற கொள்ளைக்காரர்கள். லுபோர் பகடையை இடது கையில் எடுத்தான். பழக்கமில்லாத கை, பகடை தரையில் போய் விழுந்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் குனிந்து தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். லுபோர் முதல் தடவையாகச் சிரித்தான்.

அடுத்த உருட்டலில் ஹ்ரோம் பாய்ந்தான். எண் மோசமாக விழுந்தது.

"ஈட்டி தோள்ல இறங்குது," என்றான் ராதிம். கொஞ்சம் தயங்கி, "இடது தோள்," என்றான்.

லுபோரின் கண் பிரகாசித்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். கழுத்து நரம்பு புடைக்க உள்ளிருந்து எதையோ இழுத்தான்.

"யெஸ்... யெஸ்னா. ஒழு... ஒழு..."

மிச்சம் வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. மிலாதாவின் கை தானாகவே எழுந்தது. பாதியில் நின்றது. அவள் ராதிமைப் பார்த்தாள்.

ராதிம் தொண்டையைச் செருமினான். "யெஸ்னா கைய நீட்டுறா. ஒண்ணும் நடக்கல. ஊற்றுத்தாய் மக்களக் கைவிட்டுட்டா. மலைக்கோயில் ஊத்து வறண்டு கிடக்கு. இனிமே காயம் எல்லாம் தானா ஆறினாத்தான் உண்டு."

"நான் கட்டுப் போடறேன்," என்றாள் தாஷா, வ்ரானாவின் குரலில், மிக மிருதுவாக. "கொதிக்க வெச்ச தண்ணியில கழுவி, தோள அசைக்காம கட்டிவிடறேன். ஆறு வாரம். அப்புறம் மெதுவா..."

"ஆறு," என்றான் லுபோர்.

"ஆறே வாரம்தான்டா. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா பயிற்சி பண்ணினா..."

லுபோர் எழுந்தான். இடது கையால் மேசையை ஒரே வீச்சில் வாரினான். பகடைகள், ஆட்டப் பொம்மைகள், ஊறின சாசேஜ் தட்டு எல்லாம் சுவரில் போய் அடித்தன. பிறகு ஒரு வசவு வந்தது. நீளமான வசவு. ஒரு சொல் பிசகாமல், இலக்கணச் சுத்தமாக, ராதிமின் ஊற்றில் தொடங்கி தாஷாவின் வெந்நீர் வழியாகப் போய் மூவரின் மூதாதையரையும் தொட்டுவிட்டு முடிந்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு, தடியை ஊன்றி வெளியே போய்விட்டான்.

மிலாதா கோட்டைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினாள். அவன் ட்ராம் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்ல பந்து," என்றான் லுபோர். இடது கையால் எதையோ அமுக்கிக் காட்டினான். "காலைல பந்து. சாயந்தரம் பந்து. எல்லாரும்... மெதுவா. மெதுவா லுபோர். மெதுவா."

"ம்."

"இங்க... இங்க ஏணி." தலையைப் பலமாக ஆட்டினான். "ஏணி இல்ல! இங்க..."

அவள் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் இடது கை விரலைச் சொடுக்கினான்.

"இங்க சட்டுனு," என்றான். "பொய்தான். தெரியும். நான் என்ன... முட்டாளா? பொய்னு தெரியும். அது வேணும் எனக்கு."

மிலாதாவுக்குக் கண்ணை மறைத்தது. பனிக்காற்றின் மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டாள். ட்ராம் வந்தது. ஓட்டி வந்தவர் மிலாதாவைப் பார்த்துக் கையசைத்தார். கதவைத் திறந்துவிட்டுப் பொறுமையாக நின்றார். லுபோர் படியில் ஒரு காலை வைத்து, தடியை ஊன்றி, அடுத்த காலை இழுத்தான். அவள் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றாள். அவன் தானாகவே ஏறினான்.

பின்னறைக்குத் திரும்பியபோது தாஷா மண்டியிட்டுப் பகடை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ராதிம் சுவரில் வழிந்த வினிகரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு உண்மை தெரியாதுன்னு நெனச்சோம்," என்றாள் மிலாதா. "தெனமும் காலைல கண்ணு முழிச்சதும் அவன் கையே அவனுக்குச் சொல்லுது. அதுக்கு மேல நாம மூணு பேரு வேற சொல்லணுமா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சோம்..."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வெளிய வந்தவன மறுபடி ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போனோம் ராதிம். தலையணை வெச்சு."

ராதிம் துணியைப் பிழிந்தான். "சரி, வத்தின ஊத்த ஒரே வாரத்துல எப்படித் தொறக்கறது? ஒரு காரணம் வேணாமா? இஷ்டத்துக்கு மாத்தினா அது என்ன உலகம்?"

"அந்த உலகத்துக்கு நீதானே கடவுள்? உக்காந்து கண்டுபிடி."

தாஷா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையில் பகடைகளைக் குலுக்கினாள்.

"என் வேலை தூங்க வைக்கறது," என்றாள். "மெதுவா எண்ணுங்கன்னு சொல்வேன், தூங்கிடுவாங்க. கண்ணு முழிச்சதும் வார்டுக்குக் கொண்டுபோயிடுவாங்க. அப்புறம் நடந்தாங்களா, கிடந்தாங்களா, எனக்குத் தெரியாது. 'ஆயிடுச்சு, எந்திரி'ன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லடி. நீ வாரா வாரம் சொல்ற. அதான் எரிச்சல்."

மிலாதா அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க லுபோர் போனை எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மூவரும் அவன் வீட்டுக்கே போனார்கள். மிலாதா கசகசா வைத்த கேக் ஒன்றைச் சுட்டு எடுத்து வந்திருந்தாள். அடி கொஞ்சம் தீய்ந்திருந்தது. லுபோர் முழங்கையால் கதவைத் திறந்தான். வலது உள்ளங்கையில் ரப்பர் பந்து. அதை இடது கை பிடித்துக்கொண்டிருந்தது.

"போங்க," என்றான்.

"உன்னப் பாக்க வரல," என்றாள் மிலாதா. "ஹ்ரோம் பாலத்து மேல ரத்தம் கொட்டிக்கிட்டுக் கிடக்கான். அவனப் பாக்க வந்தேன். நீ வேணும்னா உள்ள போய்ப் படுத்துக்கோ."

லுபோர் யோசித்தான். கேக்கை மோந்து பார்த்தான். வழி விட்டான்.

சமையல் மேசையில் பகடைகள் வைக்கப்பட்டன. இந்தத் தடவை ராதிம் பழைய வேகத்தில் பேசினான். பனி, பாலம், ஓநாய்களின் மூச்சு. ஹ்ரோமைத் தோளில் சுமந்துகொண்டு மலைக்கோயிலுக்கு ஏறும் வழி. வறண்ட ஊற்று.

"நாடு முழுக்க வந்து அழுது கும்புட்டாச்சு," என்றான் ராதிம். "நெய் ஊத்தியாச்சு, பூப் போட்டாச்சு. ஊத்துத்தாய் அசையல. ஏன்னா கெஞ்சிக் கெஞ்சி அவளுக்குத் தூக்கம் வந்துடுச்சு. அவளுக்கு வேண்டியது கும்புடு இல்ல. யெஸ்னா, உனக்கு இப்பத்தான் அது புரியுது. என்ன பண்ற?"

மிலாதா எழுந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பிரார்த்தனையைக்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. 'குணமாக்குறேன்' என்று சொல்லிப் பகடையை உருட்டுவதோடு சரி. இப்போது சமையலறை விளக்கைப் பார்த்துப் பேசினாள்.

"ஏன் தாயே, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நாங்க குடம் குடமா அழுதது ஒன் கல்லு மனசுல ஒட்டவே இல்லயா? நல்லா இருந்தவன் தோள ஒடச்சுப் போட்டுட்டு, உள்ள படுத்துக் குறட்டையா விடற? நீயெல்லாம் ஒரு தாயா? ஒனக்கு... ஒனக்கு..."

அவளுக்கு வசவு தீர்ந்துவிட்டது. ட்ராம் ஓட்டும்போது பயணிகளிடம் மரியாதையாகப் பேசிப் பழகிய வாய்.

லுபோர் மேசையில் கையை ஊன்றினான். எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வாயைத் திறந்தான். அந்தப் பெரிய அலமாரி முழுசாகத் திறந்துகொண்டது. ஆட்டுத்தாடித் தெய்வமே என்று ஆரம்பித்தான். ஊற்றின் பாசி, கோயிலின் எலி, தெய்வத்தின் அத்தை, அத்தையின் முழங்கால் என்று ஒன்றையும் விடவில்லை. திக்கவில்லை, திணறவில்லை. ஊற்றுத்தாயைத்தான் திட்டுகிறான் என்று முதலில் நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் ரப்பர் பந்தைத் திட்டுகிறான் என்று தெரிந்தது. வெங்காயம் அரிந்த அந்தச் சாயங்காலத்தைத் திட்டுகிறான் என்று தெரிந்தது. கன்னத்தில் நீர் இறங்கியது. குரல் மட்டும் இறங்கவில்லை. கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டினாள்.

அவன் நிறுத்தியதும் ராதிம் ரகசியம்போலச் சொன்னான்: "உள்ள ஏதோ சத்தம் கேக்குது. கல்லு நகருது. தண்ணி."

மிலாதா மேசையைச் சுற்றி வந்து லுபோரின் இடது தோளில் கையை வைத்தாள். நிஜத் தோள், கம்பளிச் சட்டைக்குள் சூடாக இருந்தது. மற்றக் கையால் பகடையை உருட்டினாள்.

மூன்று.

மூன்று விழுந்தால் மந்திரம் பலிக்காது. பள்ளி நாளிலிருந்து அதுதான் சட்டம். அதை ஒருமுறை மீறினான் என்று ஒரு கோடை முழுக்க ராதிமோடு பேசாமல் இருந்தவள் தாஷா. அவள் சாவகாசமாக விரலை நீட்டிப் பகடையைப் புரட்டி வைத்தாள்.

"பதினெட்டு," என்றாள். "நல்லாத் தெரியுதே."

லுபோர் அவளையே பார்த்தான். உதடு துடித்தது.

"தி... திருடி," என்றான்.

சரியான சொல். முதலில் சிரித்தது யார் என்று பிறகு யாருக்கும் நினைவில்லை. சிரித்து ஓய்ந்ததும் தாஷா அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"ஆயிடுச்சு, எந்திரி," என்றாள்.

ஹ்ரோம் எழுந்து ஓநாய்களை நோக்கிப் பாய்ந்தான். லுபோரின் வலது கை மடியில் அப்படியேதான் கிடந்தது. அன்றைக்கு யாரும் அதைப் பார்க்கவில்லை.

வசந்தம் வந்தபோது கட்டைவிரல் அசைந்தது. அதற்குமேல் அதிகம் இல்லை. இனிக் கூரை ஏற முடியாது என்பது லுபோருக்கே தெரிந்தது. சட்டென்று நடந்தது எல்லாம் சனிக்கிழமைகளில்தான். பந்தை மட்டும் அவன் விடவில்லை. அடுத்த அறையில் ஹ்ரோம் காத்துக்கொண்டிருக்கும்போது, பந்தை அமுக்குவது அவ்வளவு கசப்பாக இல்லை என்று ஒருநாள் மிலாதாவிடம் சொன்னான். சொல்லி முடிக்க நேரமானது. அவள் காத்திருந்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மதுக்கடையின் பின்னறையில், லுபோர் ஒரு அறிவிப்புச் செய்தான். ஹ்ரோம் மலைக்குப் போகிறான், பியர் காய்ச்சப் போகிறான். தனக்கு வேறு ஆள் வேண்டும்.

"யாரு?" என்றான் ராதிம். "இன்னும் பெரிய கோடரியா?"

லுபோர் மிலாதாவைக் காட்டினான். "அவ வேலை," என்றான்.

"பூசாரியா? நீயா? மந்திரம் சொல்லணும்டா. இப்ப அதுதான் சட்டம். வாய்விட்டு, முழுசா."

"தெரியும்," என்றான் லுபோர்.

ஆக, மிலாதா கோடரி தூக்கினாள். தனக்குள் இவ்வளவு வெறி இருந்தது அவளுக்கே தெரியாது. முதல் சண்டையிலேயே மூன்று ஓநாய்களின் நடுவே குதித்து, மூன்றிடமும் கடி வாங்கிக் குப்புற விழுந்தாள். லுபோரின் பூசாரி அவள் பக்கத்தில் முட்டி போட்டான். ரத்தமே நில், தோலே கூடு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் மந்திரம்.

லுபோர் கண்ணை மூடினான். யாரும் அவசரப்படுத்தவில்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ராதிம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். தாஷா மேசையிலிருந்த ஊர்ப் பாலாடைக்கட்டியை ஒரு விள்ளல் பிட்டுக் கொண்டாள்; அதன் நாற்றம் தெருமுனை வரைக்கும் போகும். லுபோரின் மூக்கு விரிந்தது.

"பாலாடைக்கட்டியே," என்றான் கணீரென்று, "நில்! தோலே... கூடு!"

கண்ணைத் திறந்தான். என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது. காது சிவந்தது.

ராதிம் நேர்மையான கடவுள். சிறிது நேரம் தாடையைச் சொறிந்தான்.

"தோலு கூடிடுச்சு," என்று தீர்ப்புச் சொன்னான். "ரத்தமும் நின்னுடுச்சு. ஆனா மிலாதா, ஒம் மேலேர்ந்து ஒரு வாசனை கெளம்புது பாரு. ஒலமோட்ஸ் பாலாடைக்கட்டி, நல்லாப் பழுத்தது. ஓநாய்ங்களுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. முதல் ஓநாய் தும்முது. ரெண்டாவது வாலச் சுருட்டுது. மூணாவது, பாவம், ஒன்ன ஒரு தடவ மோந்து பாத்துட்டுக் காட்டுப் பக்கம் ஓடியே போயிடுச்சு."

லுபோர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். எங்கே மூச்சு அடைத்துக்கொள்ளுமோ என்று தாஷா அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவளும் சிரிக்கத் தொடங்கி, எண்ணிக்கையைத் தவறவிட்டாள்.